மெயில் நானா நேரில் வருவார்

திருகோணமலையிலேயே ஈமெயிலை நம்பாத ஒரே கம்ப்யூட்டர்காரர் எங்கள் மெயில் நானாதான். ஒரு மெயிலை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க அதன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் போவார்.

துறைமுகத்தடியில் நான் வேலை பார்த்த கப்பல் முகவர் அலுவலகத்துக்கு, ஏதாவது பழுதென்றால் கிண்ணியாவிலிருந்து வருவார். நானா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். ஒருமுறை கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்துக்குச் சோதனை மெயில் ஒன்று அனுப்பினார். மறுநாள் ஆளைக் காணவில்லை. கொழும்புக்கு பஸ் ஏறியிருந்தார். முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று, மெயில் கிடைத்ததா என்று கேட்டாராம். கிடைத்தது என்றதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

பிறகு எங்கள் மெயில் சேர்வரை மாற்றினார்கள். எல்லோருக்கும் புது முகவரி. அடுத்த கிழமையே, வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலில் ஒரு மாலுமிக்குத் தாங்க முடியாத வயிற்றுக்குத்து. படகு தயார். ஆனால் டாக்டரின் கடிதம் மெயிலில் வந்தால்தான் படகை விடலாம் என்று துறைமுக வாசலில் சொல்லிவிட்டார்கள். அங்கே நின்ற எங்கள் ஆள் சிவத்துக்குக் கடிதத்தை அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. போன் எடுத்துக் கேட்டால், சிவத்துக்கே தன் புது முகவரி தெரியவில்லை. என் கம்ப்யூட்டரில் இருந்த அவருடைய பழைய முகவரியை அழித்தேன். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

நல்ல காலம், நானா அன்று டவுனில் நின்றார். வந்து ஒரு பார்வை பார்த்தார்.

"ஒங்கட கம்ப்யூட்டர்ல ஒரு அட்ரஸ் புக், சேர்வர்ல இன்னொண்டு. ரெண்டும் வேற வேற கதை சொல்லுது தம்பி. நீங்க அழிக்க அழிக்க, இது பழைய பிரதியில இருந்து எடுத்துப் போடுது."

பழைய பிரதியைத் தூக்கிவிட்டு, சேர்வரில் உள்ள பட்டியலையே பார்க்கும்படி செட்டிங்கை மாற்றினார். சிவத்தின் புது முகவரி வந்தது. கடிதம் போனது, திரும்பவில்லை. நான் போனைத் தூக்கினேன். நானா ஹெல்மெட்டைத் தூக்கினார்.

"போன்ல எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. கண்ணால பாக்கணும்."

போனது நல்லதாயிற்று. சிவத்தின் கைபேசியில் இருந்ததும் பழைய சேர்வர்தான். மூடிக் கிடந்த பழைய மெயில் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி அவர் வெயிலில் வேர்த்து நின்றாராம். நானா அதையும் திருத்தி, கடிதத்தை அதிகாரிகளிடம் காட்டி, படகு புறப்படும்வரை நின்றார். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாலுமி பிழைத்தார். நானாவோ கட்டிலடிக்குப் போய், ஆள் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டார் என்று கண்ணால் கண்ட பிறகுதான் கிண்ணியாவுக்குத் திரும்பினார்.

இப்போது நான் ஓய்வு பெற்று அன்புவழிபுரத்தில் இருக்கிறேன். சுகமா என்று கேட்டு நானா இடைக்கிடை மெயில் போடுவார். வந்தவுடனேயே படித்துவிடுவேன், பதில் மட்டும் போடுவதில்லை. கேத்திலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.