தட்டிப் பார்த்து வாங்குகிறவர்

தட்டாமல் எதையும் வாங்காத ஓர் இனம் உண்டு. வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரிட்ஜோ, கிரைண்டரோ, எது எதிரே நின்றாலும் மடக்கிய நடுவிரலால் அதன் விலாவில் 'டொக் டொக்' என்று தட்டி, காதைச் சாய்த்து, கண்ணை மூடி, நாடி பிடிக்கும் வைத்தியர் முகத்தோடு சற்று நின்று, பிறகு உதட்டைப் பிதுக்குவார். தீர்ந்தது. அந்தச் சாமானுக்கு இனி விமோசனம் இல்லை.

உத்தரவாத அட்டையா? அதை அவர் தொடுவதில்லை. அது காகிதம். தட்டினால் சத்தம் வராது.

எங்கள் மாடிவீட்டுக்காரர் இந்த இனத்தில் மூத்தவர். வீட்டு வாஷிங் மெஷின் உயிரை விட்டதிலிருந்து விடுமுறை தவறாமல் கடைகடையாக ஏறித் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவியோ அத்தனை நாளும் போர்வைகளைக் கையால் துவைத்துப் பிழிந்து, விரல்கள் வீங்கி, காப்பி டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். போன வாரம் அந்த அக்கா துணைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

"இது தகரம்." டொக். "இது அட்டை." டொக். "இது ஒரு வருஷம் தாங்காது."

"அதுக்குள்ள என் கை போயிடும்ங்க."

காதில் விழவில்லை. மெஷின் பேசினால் மட்டும் கேட்கிற காது அது.

மூலையில் ஒன்று நின்றது. தட்டினார். கணீரென்றது. முகமெல்லாம் பல்.

"இதுதான்! ஆயுசுக்கும் ரிப்பேர்ங்கிற பேச்சே இல்ல. தம்பி, பில் போடு!"

விற்பனையாளர் நெளிந்தார். "சார், அது காட்சிக்கு வச்ச வெறும் கூடு. உள்ள மோட்டாரே கிடையாது."

அசந்தாரா? "பாத்தியா! உள்ள கண்டதையும் போட்டு நீங்கதான் கெடுக்கறீங்க."

அக்கா கணவர் அருகே போய், வீங்கிய விரலை மடக்கி, அவர் தலையில் மெதுவாக ஒரு தட்டு தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுவும் காட்சிக்கு வச்சதுதான் போல. தம்பி, பக்கத்துல இருக்கிற மெஷினை வீட்டுக்கு அனுப்பிடுப்பா."

நான் ஓர் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது மாடியில் மெஷின் ஓடுகிறது. அக்கா ஒரு கையால் காப்பி குடிக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் மாடிவீட்டுக்காரர் சொல்கிறார்: "நான் தட்டிப் பார்த்து எடுத்தது!"

சிரிக்கிறீர்களே, இந்தப் புத்தகத்தை வாங்கும்போது ஒரு பக்கமாவது படித்தீர்களா? அல்லது கையில் தூக்கிக் கனம் பார்த்து, அட்டையில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டுக் காசு கொடுத்தீர்களா?

மழுப்ப வேண்டாம். உள்ளே எனக்குக் கேட்டது.