வேண்டாம் ஃபிட்டர் பார்த்துக் கொடுத்த மோட்டார் சைக்கிள்

மலாயாவின் கெடாவில் அந்தக் காலத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களில், எங்கள் தோட்டத்து ஃபிட்டர் பார்த்துப் பழிக்காத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளைக்காரத் தொரையின் புத்தம்புது வண்டி சிடாம் கிரிக்குப் போகும் சடக்கில் ஓடினால்கூட, ரப்பர் ஆலை வாசலில் நின்று காதைக் கொடுத்துக் கேட்பார். பிறகு, சாகக் கிடக்கிறவனைப் பார்த்ததுபோல் உச்சுக் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்க நினைத்தவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்கத் துணிந்ததில்லை. கூட்டிக்கொண்டு போனவர்கள் வாங்கியதே இல்லை.

எந்த வண்டியைக் காட்டினாலும் அவர் சொல்வது ஒரே சொல்தான்: "வேண்டாம்." அதுவே பெயராகிவிட்டது. வேண்டாம் ஃபிட்டர். நாற்பது வயதிருக்கும். நெட்டை, ஒல்லி. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். ஆலை இன்ஜினைப் பார்த்துக்கொள்வது வேலை.

தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கிராணி ஒருவர் அவரை நம்பி நாலு வருடம் வண்டி தேடினார். பதினோரு வண்டி பார்த்தார்கள். பதினோரு வேண்டாம். கடைசிவரை கிராணி நடந்தே தபால் கொடுத்தார். அவர் கெண்டைக்கால் சதையைப் பார்த்துப் பந்தாட்டக்காரர்களே பொறாமைப்பட்டார்கள்.

ஒருமுறை கங்காணி தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அவரையும் அழைத்துப் போனார். ஃபிட்டர் மாப்பிள்ளையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து பார்த்தார். "இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்தாரு?" என்று கேட்டார். கல்யாணம் நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

நான் அந்தத் தோட்டத்து டிரெஸர். ஜனங்கள் மரியாதையாக டாக்டர் என்பார்கள். மருந்து கலக்கவும் ஊசி போடவும் புண் கட்டவும் தெரியும், அவ்வளவுதான். சப்பான்காரன் வந்தபிறகு அந்த மருந்தும் இல்லாமல் போனது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சட்டை போய்ச் சாக்குத்துணி வந்தது. மலைக்காய்ச்சல் மட்டும் எந்தத் தட்டுப்பாடும் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. தோட்டத்துக்கு மூன்று டிவிஷன். மூன்றாவது, ஐந்து மைலுக்கு அப்பால். என் சைக்கிளுக்கு டயர் கிடைக்காமல் கயிற்றைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். கயிறு அறுந்ததும் நடந்தேன்.

புதிதாக வந்த சப்பான் தொரைக்கு ஆட்கள் சாவதைப் பற்றிக் கவலை இருந்ததா, தெரியாது. வேலைக்கு ஆள் குறைவது பற்றி இருந்தது. "மோட்டார் சைக்கிள் தேடி வாங்கிக்கொள்" என்று, பெட்ரோலுக்கும் சேர்த்து எனக்கொரு முத்திரைச் சீட்டு கொடுத்தார். சீட்டு கொடுத்தாரே தவிர வண்டி கொடுக்கவில்லை. ஊரில் இருந்த நல்ல வண்டிகளையெல்லாம் பட்டாளம் ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்தவை ஒளித்து வைக்கப்பட்டவை, அல்லது ஒளித்து வைக்கக்கூடத் தகுதியில்லாதவை.

ஃபிட்டரைக் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

முதலில் சுங்கைப்பட்டாணியில் ஒரு சீனத் தவுக்கேயின் கடைக்குப் பின்னால். வண்டி பளபளவென்றிருந்தது. ஃபிட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தவுக்கேயிடம் போய், "காற்சட்டையைத் தூக்குங்க" என்றார். தவுக்கே திகைத்து என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. ஃபிட்டரே குனிந்து அவருடைய வலது காற்சட்டையை முட்டிவரை சுருட்டினார். முழங்காலுக்குக் கீழே வரிசையாக நாலைந்து தழும்பு.

"பார்த்தியா தம்பி. ஸ்டார்ட் பண்ண உதைச்சா இந்த வண்டி திருப்பி உதைக்குது. வேண்டாம்."

அடுத்தது பாக்கார் ஆராங்கில், வேலை போன ஒரு கிராணியின் வீட்டில். அவர் காலில் தழும்பு இல்லை. ஒரே உதையில் வண்டி கிளம்பியது. எனக்கு வாயெல்லாம் பல். ஃபிட்டர் அதை நிறுத்தச் சொன்னார்.

"நான் வந்ததும் இன்ஜின்ல கைய வச்சுப் பார்த்தேன் சார். சுட்டுச்சு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருக்கீங்க. நாங்க நாளைக்குக் காலையில வர்றோம். அதுவரைக்கும் ஆறிப் பச்சையா கிடக்கட்டும்."

ஆறின இன்ஜின் கிளம்பாது என்று ஒப்புக்கொள்வதுபோல் கிராணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்தபோது, வண்டி வாங்காமல் வெளியே வருவது எனக்குப் பாவமாக இருந்தது. ஃபிட்டர் வாசலில் தயங்கினார். மடியில் வைத்திருந்த அவித்த கிழங்கை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அந்த வீட்டுப் படியில் வைத்துவிட்டு நடந்தார்.

அந்த வாரம் மூன்றாம் டிவிஷனிலிருந்து ஆள் வந்தது. அஞ்சலை என்ற பெண்ணுக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. பால்மரக் காட்டுக்குள் மழையில் ஐந்து மைல் நடந்தேன். நான் போனபோது கோடித்துணி இல்லாமல் அவளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். புருஷன்காரன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "நனைஞ்சிட்டீங்களே டாக்டர்" என்று துண்டைக் கொடுத்தான்.

திரும்பி வந்து நேரே ஆலைக்குப் போய் ஃபிட்டரிடம் கத்தினேன்.

"ஊர்வலத்துக்கா அண்ணே வண்டி பார்க்கிறோம்? ஓடினா போதும்ணே! உங்க வாயில நல்ல வார்த்தை வர்றதுக்குள்ள மூணாம் டிவிஷன் காலியாயிடும்!"

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தார்.

"ஓடினா மட்டும் போதாது தம்பி. உள்ள கெட்டுப்போன வண்டின்னா பாதிக் காட்டுல படுத்துக்கும். வெளிய நல்லா இருக்கிற வண்டின்னா சப்பான்காரன் பிடுங்கிக்குவான். ரெண்டுலயும் நீ நடந்துதான் போகணும் லா. எனக்கு மட்டும் அந்தப் பொண்ணு சாகணும்னா இருக்கு?"



மூன்றாவது வண்டி தஞ்சோங் டாவாயில். மெர்போக் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் மீனவக் கிராமம். கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் போனோம். மேட்டைக் கண்டால் பஸ் நிற்கும், எல்லாரும் இறங்கித் தள்ளுவோம். தள்ளும்போதுகூட ஃபிட்டர் பின்சக்கரத்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டுதான் தள்ளினார். டிரைவர் எட்டிப் பார்த்து, "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே, கெஞ்சிக் கேட்டுக்கிறேன்" என்றார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

அங்கே கருவாட்டு வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர், கொட்டகையில் கிழிந்த வலைகளை விலக்கிக் காட்டினார். அடியில் ஒரு சீமை வண்டி. ஃபிட்டர் ராவுத்தரின் சாரத்தைத் தூக்கிக் காலைப் பார்த்தார். இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். வண்டி நின்ற மண்ணில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று மண்டியிட்டுத் தடவினார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உதைத்தார். வண்டி கிளம்பியது. இரைச்சலே இல்லை, ஒரே சீராக ஓடியது. ஃபிட்டர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். நான் "வேண்டாம்" வரப்போகிறது என்று பெருமூச்சு விட்டேன்.

"எடுத்துக்க" என்றார்.

"என்னண்ணே சொன்னீங்க?"

"எடுத்துக்கடா. காது கேக்கலையா?"

ராவுத்தர் சப்பான் நோட்டைத் தொட மறுத்தார். "என் தாயார் படுத்த படுக்கையா கிடக்காங்க டாக்டர். இன்னிக்கோ நாளைக்கோ. மௌத்தானா கஃபன் கட்ட வெள்ளைத் துணி ஊர்லயே இல்ல. உங்ககிட்ட இருக்கா?"

என் பெட்டியில் இரண்டு புது வேட்டி இருந்தது. என் கல்யாணத்துக்கென்று அப்பா வாங்கி வைத்தது. யாரும் அந்த வருடங்களில் கல்யாணத்தைப் பற்றி நினைக்கவில்லை. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். ராவுத்தர் அதை இரண்டு கையாலும் வாங்கி, "கரையைக் கிழிச்சிடுறேன், பரவாயில்லையா?" என்று கேட்டார். அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். என்னிடம் கொடுக்க மருந்து ஒன்றும் இல்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டி தோட்டத்துக்கு வந்தபிறகு ஐந்து நாள் ஃபிட்டர் அதை அலங்கோலம் செய்தார். வேறு சொல் இல்லை. சுத்தியலால் டாங்கை நசுக்கினார். ஒவ்வோர் அடிக்கும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பளபளப்பான இடத்திலெல்லாம் ரப்பர்ப் பாலைத் தடவிப் புகைபோட்டார். மட்கார்டின் திருகுகளைத் தளர்த்தி, போகும்போது தகர டப்பாக்களைக் கட்டி இழுத்ததுபோல் சத்தம் வரச் செய்தார். கடைசியாக ராவுத்தர் கொடுத்தனுப்பிய பெலாச்சான் உருண்டையை எடுத்து, அந்தக் காய்ந்த இறால் விழுதை இருக்கை முழுவதும் அழுத்தித் தேய்த்தார்.

"அண்ணே, இதுல நான்தானே உக்காரணும்?"

"நீ உக்காந்தா போதும். வேற யாரும் உக்காரக் கூடாது."

பாலத்துக் காவலில் நின்ற சப்பான் சிப்பாய், நான் குனிந்து வணங்கி நிமிர்வதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு "போ, போ" என்று கையை வீசினான். மற்றவர்களுக்கெல்லாம் அங்கே அறை விழும். எனக்கு மட்டும் அவசர வழி. லயத்து நாய்கள் என் பின்னால் ஊர்வலமாக வந்தன. மூன்றாம் டிவிஷனுக்கு அரை மணி நேரத்தில் போனேன். அந்த மழைக்காலத்தில் அங்கே நாலு பிரசவம். நாலு தாயும் பிழைத்தார்கள். காய்ச்சலில் சிலரைக் காப்பாற்றினேன், பலரை முடியவில்லை. ஆனால் யாரும் என் முகத்தைப் பார்க்காமல் போகவில்லை.

கண்ணால் பார்த்தும் மூக்கால் மோந்தும் ஏமாந்தவர்கள்தான் எல்லாரும். காதால் கேட்டவன் ஒருவன் வந்தான். பட்டாளத்து லாரிகளைப் பழுது பார்க்கும் சப்பான்காரன். பாலத்தில் நான் வண்டியை நிறுத்தியபோது அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். ஃபிட்டர் கேட்கும்போதும் தலை அப்படித்தான் சாயும்.

இரண்டு நாளில் தோட்டத்துக்கே வந்துவிட்டான். வண்டியை உதைத்துக் கிளப்பினான். "சியாப்பா?" என்றான் மலாயில். யார் இதைச் சரி செய்தது?

எங்கள் தோட்டத்திலிருந்து ஏற்கெனவே முப்பது பேரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை. நான் முன்னால் வந்து, "நான்தான்" என்றேன்.

அவன் ஒரு ஸ்பேனரை நீட்டினான். கார்புரேட்டரைக் கழற்று என்று காட்டினான். நான் ஸ்பேனரை வாங்கிய விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோனது. அறைந்த அறையில் தரையில் கிடந்தேன். ஆலைக்குள்ளிருந்து ஃபிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அவனுக்கு ஊசி போடத்தான் தெரியும். நான்தான்" என்று சொல்லி, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கினார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "எழுந்திரிக்காத, அப்படியே கிட" என்றார்.

வண்டியை என்னிடமே விட்டுவிட்டு, அதில் வேலை செய்த கையைத்தான் அவன் கேட்டான். அடுத்த வாரம் சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. லயத்து ஜனமெல்லாம் சடக்கோரம் நின்றோம். ஃபிட்டர் ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். ஏறவில்லை. லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயரை உதைத்தார். குனிந்து அடியில் பார்த்தார். துப்பாக்கியோடு நின்ற சிப்பாயிடம் போய், ரொம்ப மரியாதையாக, "வேண்டாம்" என்றார்.

சிப்பாய் அதைக் கும்பிடு என்று நினைத்துப் பதிலுக்குத் தலையாட்டினான். அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்த ஜனம் முழுக்கச் சிரித்துவிட்டது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே லாரி கிளம்பிவிட்டது. தூரத்திலிருந்து அவர் கத்தினார்: "காலையில உதைக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் ஏறிடுச்சான்னு பாரு தம்பி!"

வெள்ளைக்காரன் திரும்பி வந்தபிறகு, சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்தார்கள். ஒருவர், மழைக்காலத்தில் ஒரு முகாமில் ஃபிட்டர் லாரிகளைத் திட்டிக்கொண்டே பழுது பார்த்ததைக் கண்டதாகச் சொன்னார். பிறகு அவரை வாந்திபேதிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்களாம். அதற்கப்புறம் பார்த்தவர்கள் இல்லை. ஸ்பேனரை ஒழுங்காகப் பிடிக்க அவரிடம் ஒருநாள் கற்றுக்கொண்டிருந்தால் என்ன என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

திரும்பாதவர்களைப் பற்றி உறவினர்கள் வந்து பதிந்துகொள்ளலாம் என்று சுங்கைப்பட்டாணியில் அறிவித்தார்கள். ஃபிட்டருக்காக வர யாரும் இல்லை. நான் போனேன். மேசையில் இருந்த கிராணி பெயர் என்ன என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது, அவர் பெயர் எனக்குத் தெரியாது. தோட்டத்துப் பேரேடும் எரிந்துபோயிருந்தது. "ஃபிட்டர்" என்றேன். கிராணி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. உங்களுக்கு அவர் என்னங்க உறவு?"

"கூடப் பிறந்த அண்ணன்" என்றேன்.