எல்டனுக்கு ரொம்பப் பிடித்த பீர்

எல்டன் பாட்டிலைக் கவிழ்த்துச் சமையலறைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்கதவு தட்டப்பட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பளித் தொப்பியும் சிவந்த மூக்குமாகப் பக்கத்து வீட்டு வெண்டல். கையில் இன்னொரு பெட்டி பீர்.

எல்டன் சட்டென்று பாட்டிலை நிமிர்த்தி வாயில் வைத்துக்கொண்டார். வேறு வழி?

"அடேயப்பா! காலங்காத்தாலேயே ஆரம்பிச்சிட்டியா?" என்றபடி வெண்டல் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"இன்னிக்கு சனிக்கிழமைதானே" என்று சொல்லி எல்டன் ஒரு வாய் விழுங்கினார். பழைய பிளாஸ்திரியை ஈர அட்டைப் பெட்டிக்குள் ஊறப்போட்ட மாதிரி ஒரு ருசி. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எப்படி இருக்கு இந்தத் தடவை?"

"பிரமாதம்பா."

"நெஜமாவா? கண்ணெல்லாம் கலங்கிடுச்சே உனக்கு!"

எல்டன் தலையை மட்டும் ஆட்டினார். அவர் மனைவி மார்லிஸ் அந்த நிலைமையைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க அலமாரிக்குள் தலையை விட்டு எதையோ தேடினாள். வெண்டல் எப்போதும்போலக் காபிதான் வாங்கிக் குடித்தார். "நீயும் ஒரு பாட்டில் எடுத்துக்கயேன்" என்று எல்டன் எத்தனை முறை கெஞ்சியிருப்பார்! பதில் ஒன்றுதான்: "நான் குடிச்சா உனக்குக் குறைஞ்சிடுமே."

எல்லாம் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த வினை. வெண்டல் தபாலாபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நாள் முழுக்க வீட்டிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். அது பொறுக்காமல் அவர் மனைவி ஆர்டிஸ், பீர் காய்ச்சும் சாமான்களைக் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கிக் கொடுத்துக் கார் கொட்டகைக்கு அனுப்பிவைத்தாள். முதல் பாட்டில் நேராக எல்டன் கைக்கு வந்தது.

அவர்கள் வாழும் மினசோட்டா மாநிலத்தில் யாரும் யாரையும் பார்த்து 'நல்லாயில்லை' என்று சொல்லிவிட மாட்டார்கள். வாயில் வைக்கவே முடியாமல் போனால், "வித்தியாசமா இருக்கே!" என்பார்கள். அதுவே அங்கே பெரிய திட்டு. எல்டன் அன்றைக்கு அதைத்தான் சொல்ல வாயெடுத்தார். எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும், "இந்த மாதிரி நான் குடிச்சதே இல்லப்பா, பிரமாதம்!" என்று வந்துவிட்டது. முதல் பாதி சத்தியமான வார்த்தை. இரண்டாம் பாதிதான் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"தொட்டியில ஊத்தாதீங்க, வீடே நாறுது" என்றாள் மார்லிஸ், வெண்டல் போனதும்.

அதனால் எல்டன் அன்று சாயங்காலம் மிச்சத்தைக் கொல்லைப்புறப் பனியில் கொட்டினார். விடிந்து பார்த்தால், வெள்ளை வெளேரென்ற பனியில் அங்கங்கே பழுப்பாகக் குழிகள்!

வேலிக்கு மேலே வெண்டலின் தலை தெரிந்தது. "எல்டன், உன் நாய்க்கு உடம்பு ஏதாவது?"

"வயசாயிடுச்சுப்பா அதுக்கு."

மத்தியானமே ஆர்டிஸ் நாய்க்கென்று கோழியும் சோறும் குழையவைத்துக் கொடுத்தனுப்பினாள். ஒன்றுமே செய்யாத நாய் இரண்டு நாள் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டது. அதற்கு ஒரே சந்தோஷம்.

பாட்டில்கள் கண்ணில் பட்டால்தானே வம்பு என்று, எல்டன் எல்லாவற்றையும் காலி செய்து கழுவி உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தார். வெண்டல் காலி பாட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"நிறுத்த முடியலப்பா."

அடுத்த தடவை இரண்டு பெட்டி வந்தது.

இனிப் பொய்தான் கைகொடுக்கும் என்று முடிவு செய்தார் எல்டன். வேலை முடிந்து, தான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக வெண்டலின் கொட்டகைக்குப் போனார். வெண்டல் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் பீரைத் தொடவே கூடாதுன்னுட்டார், வெண்டல்."

வெண்டலின் கை அப்படியே நின்றது. "தொடவே கூடாதா? அப்படின்னா... மொத்தமாவே நிறுத்திடணுமா?"

எல்டனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபது வருடப் பழக்கம். பாவி, நெஞ்சிலேயே உதைத்துவிட்டோமே என்று உருகிப்போனார்.

"கடையில விக்கிற பீரைச் சொன்னார்ப்பா! வீட்டுல காய்ச்சினது உடம்புக்கு நல்லதாம்."

வெண்டல் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "நல்ல வேளை" என்றவர், மறுபடியும் பானையைத் தேய்க்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

கடைசியில் மார்லிஸ் ஒரு யோசனை சொன்னாள். மாதா கோவிலில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து. மீனைத் தோய்த்துப் பொரிக்கும் மாவைப் பீரில்தான் கரைப்பார்கள். "இருக்கிறதையெல்லாம் அதுல ஊத்திடுவோம். எண்ணெயில பொரிச்சா எல்லாம் ஓடிடும்."

ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பிளாஸ்திரி வாசனை பொரித்ததும் மொறுமொறுவென்று ஆனதுதான் மிச்சம். பாதிரியார் ஒரு துண்டைக் கடித்துவிட்டு, கூரையைப் பார்த்து, "வித்தியாசமா இருக்கே!" என்றார். வரிசையாக எல்லாரும் அதையே சொன்னார்கள். மூலையில் நின்ற வெண்டலைப் பார்த்து எல்டனுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து நின்று, "எல்லாம் நம்ம வெண்டலோட பீர்! இது இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாது!" என்று கூடம் அதிரச் சொன்னார். ஜனங்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

மறுநாள் வெண்டல் வேலியோரம் வந்து நின்றார். "படகை விக்கிறேன், எல்டன்."

எல்டனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எந்தப் படகை?"

"எங்கிட்ட ஒரு படகுதானே இருக்கு! பெரிய அண்டா வாங்கப்போறேன். இந்தச் சின்னப் பானையத் தூக்கித் தூக்கி முதுகு போச்சு. ஆசையா குடிக்கிறவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா? நாளைக்கு ஆள் வந்து இழுத்துக்கிட்டுப் போறான்."

அந்தப் படகில்தான் இரண்டு பேரும் வருடா வருடம் பனி உருகியதும் ஏரிக்குப் போவார்கள். தூண்டிலைப் போட்டுவிட்டு, மத்தியானம்வரை ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். எல்டனுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய சுகம் கிடையாது. அன்று ராத்திரி மார்லிஸிடம் அதையே சொல்லிப் புலம்பினார்.

"போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மார்லிஸ்.

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

காலையில் எல்டன் போனபோது வெண்டல் கொல்லையில் படகின் தார்ப்பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வராமல் எல்டன் வீட்டுக் கதவைத் தட்டினார்; திறந்தது ஆர்டிஸ். உட்கார வைத்தாள், காபி ஊற்றினாள். எல்டன் குளிரைப் பற்றிப் பேசினார். போன வருடக் குளிரைப் பற்றியும் பேசினார். ஜன்னல் வழியே பார்த்தால் தார்ப்பாய் பாதி அவிழ்ந்துவிட்டது.

"ஆர்டிஸ், படகை விக்க வேண்டாம்னு சொல்லுங்க. அந்தப் பீரை மனுஷன் குடிக்க முடியாது. மூணு வருஷமா நான் அதைக் கீழேதான் கொட்டிக்கிட்டிருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சூடாகிவிட்டன. ஆர்டிஸ் காபிக் கெட்டிலை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"மூணு வருஷமாவா?"

"முதல் பாட்டில்லேருந்தே."

அவள் நாற்காலியை இழுத்து எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு எல்டனைப் பார்த்தாள்.

"எல்டன், அந்த வாடையே தனக்கு ஆகலன்னு அவரு முதல் பானையோடவே எல்லாத்தையும் தூக்கிப்போடக் கிளம்பினாரு! 'எல்டன் இதுக்கு உசிரையே விடறானே, அவன்கிட்ட எப்படிச் சொல்றது'ன்னுதான் மூணு வருஷமா காய்ச்சிக்கிட்டிருக்காரு, இப்போ படகையும் விக்கிறாரு!"