மூணு ஷிப்ட் மீன்தொட்டி

ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியா வருகிறாள். தொட்டியில் மீனையே காணோம். மீன் எங்கும் போய்விடவில்லை, பாவம். முந்தாநாள்தான் மாற்றிய தண்ணீர் மறுபடியும் கீரைக் கடைசல் மாதிரி பச்சையாகிக் கிடந்தது.

பேச்சிராஜ் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரகடம் கார் கம்பெனியில் அவனோடு ஒரே லைனில் வேலை பார்க்கிற சுகப்பிரியா, அந்த ரெண்டு தங்கமீனையும் கொடுத்தபோது சொன்னது இதுதான்:

"பாசி புடிக்காம பாத்துக்கிடுங்க. இதுகள ஒழுங்கா வச்சிருந்தா, வீட்ல நம்ம விஷயத்தப் பேசுதேன்."

அறையில் மூன்று பேர், மூன்று ஷிப்ட். எந்நேரமும் ஒருத்தன் முழித்திருப்பான். முழித்திருப்பவன் சும்மா இருப்பானா?

அதே கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் இருக்கிற தளவாய்தான் முதல் வைத்தியர். "எங்க ஷாப்ல லைட்டப் போட்டுத்தாம்ல காய வைப்போம். பாசிக்கு மட்டும் என்ன கொம்பா மொளச்சிருக்கு? பளிச்னு போடு, கருகிரும்."

போட்டார்கள். ராப்பகலாக அணையாத விளக்கு. பாசி கருகுமா? கண்ணாடியில் தாடி வைத்துக்கொண்டது.

அடுத்தது அருள்பாண்டி. "மீனு தெம்பில்லாம கெடக்குடே. நல்லாத் தின்னாத்தான அது பாசியக் கடிக்கும்?" என்று தீனியைக் கொட்டினான்.

ஷிப்ட் மாறும்போது அடுத்தவனிடம் சொல்லிவிட்டுப் போகிற பழக்கமெல்லாம் கம்பெனியோடு சரி. அறையில் யார் சொல்கிறார்கள்? மூன்று ஷிப்டிலும் மூன்று பேரும் தீனி போட்டார்கள். மிச்சம் அடியில் அழுகி, பாசிக்கு உரமாயிற்று.

பாசி தின்னும் என்று பேச்சிராஜ் நத்தை வாங்கிவந்தான். நத்தைகள் வந்த வேலையை விட்டுவிட்டுக் குடும்பம் பெருக்கின. தளவாய் ஒருநாள் ஷூவுக்குள் காலை விட்டு அலறினான்.

ஆனால் பேச்சிராஜ் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால், அடடா, அது தனி உலகம். தொட்டி வெளிச்சத்தில் சுவரெல்லாம் பச்சையாக அசையும். கண் செருகும்போது லைனே தண்ணீருக்குள் ஓடும். கார் கதவுகள் மெதுவாக மிதந்து வரும். சுகப்பிரியா, ஐடி கார்டு அலையில் ஆட, அவன் பக்கத்தில் நீந்திப் போவாள். கூப்பிடுவான், வாயிலிருந்து குமிழிதான் வரும். எழுந்திருக்கவே மனசு வராது.

ஞாயிறும் வந்தது. ஹாஸ்டலில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் குன்றத்தூர்க்காரி கனிஷ்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சுகப்பிரியா வந்தாள். தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சைக்குள்ளிருந்து ரெண்டு ஆரஞ்சு மூக்குகள் கண்ணாடிக்கு வந்து, மறுபடி மறைந்தன.

"உசுரோடதான் இருக்கு," என்றான் பேச்சிராஜ். "என்னத்தச் செஞ்சாலும் கூடிக்கிட்டே போவுது. எனக்குத் துப்பில்ல. வீட்ல பேச வேண்டாம்னா இப்பவே சொல்லிரு, தாங்கிக்கிடுதேன்."

சுகப்பிரியா துப்பட்டாவால் வாயை மூடினாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று அவன் உருகிப்போனான்.

கனிஷ்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சிரிக்காதக்கா, பாவமா கீது! நம்ம ரூம்ல இதே பாசியோட மல்லுக்கட்ட முடியாமத்தானே, மீனை இவரு தலைல கட்டிட்டு டெஸ்ட்டுன்னு பேர் வச்சே?"