லாரிக்காகக் கட்டிய கொட்டகை

இனிமேல் லாரி விஷயத்தில் பெண்டாட்டி பேச்சைக் கேட்பதில்லை என்று லோடுக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு அறிவித்தார்.

"இந்தா பாரு. என் வண்டியைப் பத்தி இனிமே யாரும் எனக்கு யோசனை சொல்ல வேண்டாம். சொன்னாலும் கேக்க மாட்டேன். சொன்னதுக்கு நேர்மாறாத்தான் செய்வேன்."

"நல்லதுங்க" என்றாள் அவள்.

இந்த "நல்லதுங்க"வை மனுஷன் அங்கேயே நின்று நாலு தடவை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அவள் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்ட எதுவும் அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. ஆனால் வீர வசனம் பேசியவனுக்கு யோசிக்க நேரம் ஏது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

லாரி என்றால் மலையேறுகிற பெரிய லாரி இல்லை. சின்ன எலக்ட்ரிக் லாரி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் பெட்டி மாதிரி மூடிய உடம்பு. கிடங்கிலிருந்து தரை டைல்ஸ் ஏற்றிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்குவது அவர் தொழில். வண்டி சத்தமே போடாமல் வந்து நிற்பதால் தெருவில் அதற்குப் பூனை என்று பெயர். பூனைக்கு எல்லாம் இருந்தது, தலைக்கு மேலே கூரைதான் இல்லை. வாங்கிய நாளிலிருந்து எட்டு மாதமாக வீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த காலி இடத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றது. புறாக்கள் வேறு எங்கேயோ சாப்பிட்டுவிட்டு மிச்ச வேலைக்கு அதன் மேல் வந்து உட்கார்ந்தன.

லோடுக்காரருக்கு மனசு தாங்கவில்லை. பேட்டரிக்கு வெயில் ஆகாது என்று யாரோ சொன்னதும் முன் கண்ணாடிக்குப் போர்வை போர்த்தினார். சார்ஜ் குத்துகிற வாய்க்குள் தண்ணீர் போய்விடுமோ என்று, அதற்கு மூடி இருந்தும், மேலே ஒரு குடையை விரித்துக் கட்டினார். கடைசியாக நீலத் தார்ப்பாய் ஒன்றை வாங்கி வண்டியை ஊருக்கு அனுப்புகிற மூட்டை மாதிரி கட்டிப் போட்டார். அப்போதே அவள் சொன்னாள், பெயிண்ட் மேலே நேராகத் தார்ப்பாயைக் கட்டாதீர்கள், காற்றில் உரசும் என்று. கேட்டாரா? ஒரு மாதம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால், அசல் பூனைகள் பத்துப் பதினைந்து சேர்ந்து நகம் தீட்டிய மாதிரி இருந்தது கதவு.

அவள் "நான் அப்பவே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆற்றிக்கொண்டிருப்பார். அவளோ கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வைதான் திங்கட்கிழமை வரைக்கும் உள்ளேயே கிடந்து புழுங்கிப் பல் துலக்கும்போது வெளியே வந்தது.

அடுத்த அறிவிப்பு காலைச் சாப்பாட்டின்போது வந்தது. லாரிக்குக் கொட்டகை கட்டப் போகிறார். பக்கவாட்டு இடத்திலேயே மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர், மேலே தகரக் கூரை.

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

ஏன் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் சோபா உறை, நாற்காலி உறை தைக்கிறவள். தெருவில் தையல்காரம்மா என்றால் அவள்தான். மெஷின் இருந்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில். பெடல் மிதித்தால் முழங்கால் தண்ணீர் டிரம்மில் இடிக்கும். பெரிய துணியை விரித்து வெட்ட இடமில்லாமல் எத்தனையோ வேலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்தப் பக்கவாட்டு இடத்தில் ஒரு சின்ன அறை கட்டித் தாருங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்டாள். முதல் வருஷம் இடம் பத்தாது என்றார். இரண்டாம் வருஷம் நேரம் இல்லை என்றார். மூன்றாம் வருஷம் காது கேட்காத மாதிரி இருந்தார். போன வாரம்தான் சினிமாக் கொட்டகைக்காரர் வந்து இருநூறு சீட்டுக்கு உறை தைத்துத் தர முடியுமா, மாசக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். அதையும் அவரிடம் சொன்னாள். அதற்கும் அவர் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார். இப்போது அதே இடம், அதே மனுஷன், லாரி என்றதும் ஒரு தோசை திருப்புகிற நேரத்தில் இடம், நேரம் எல்லாம் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லவும் வழியில்லை, அது கரண்ட் அடுப்பு. திரும்பி நின்றுகொண்டாள்.

அப்படித் திரும்பி நின்றவளுக்குத்தான் காலையில் அவர் பேசிய வீர வசனம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

வெல்டர் வந்தார். மூன்றாவது வீட்டுக்காரர்தான், வாயில் எப்போதும் ஒரு பென்சில். வேலை ஆரம்பித்த அன்றே தையல்காரம்மா டீயோடு வந்து நின்று, லாரிக்கு ஜன்னல் எதற்கு, வைத்தால் தூசிதான் வரும், வேண்டாம் என்றாள். லோடுக்காரர் மீசையைத் தடவினார். வடக்குப் பக்கம் இரண்டு பெரிய ஜன்னல் வைக்கச் சொன்னார்.

மறுநாள், சார்ஜ் போடுகிற பிளக் தரையை ஒட்டிக் கீழே இருந்தால்தான் வயர் எட்டும், மேசை உயரத்தில் வைத்துவிடாதீர்கள் என்றாள். மேசை உயரத்தில் நாலு பிளக் வந்தது. தரை சொரசொரப்பாக இருந்தால் டயர் வழுக்காது என்றாள். தரை கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆனது, மிச்சம் கிடந்த டைல்ஸ் எல்லாம் அதற்கே போனது. லாரிக்கு எதற்கு இத்தனை வெளிச்சம், ஒரு குண்டு பல்பு போதும் என்றாள். நாலு டியூப்லைட் மாட்டினார். பென்சிலைக் கடித்தபடி வெல்டர் ஒருதரம் அவளைப் பார்த்தார். அவள் டீக் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியில் கூரையின் உயரம் வந்தது. அன்றைக்கு லாரி நிறைய நாற்பது பெட்டி டைல்ஸ். லோடுக்காரர் டேப்பைப் பிடித்து அளந்தார். ஏழடி ஒரு அங்குலம்.

"சரக்கை இறக்கிட்டு அளந்துடுங்க" என்றாள் அவள். "கூரையை ரெண்டடி கூடவே தூக்கி வைங்க."

"ஏன்? லாரி என்ன, சாப்பிட்டா குட்டையாகி, பட்டினி கிடந்தா வளருமா?"

வெல்டர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பென்சில் கீழே விழுந்தது. அதை எடுத்து நிமிர்வதற்குள் லோடுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: குறுக்குக் கம்பி ஏழடி மூன்று அங்குலம், இரண்டு அங்குலம் இடைவெளி தாராளம், கூரை தாழ்வாக இருந்தால்தான் சாரல் வராது.

தையல்காரம்மா எட்டு மாதமாக நடையில் உட்கார்ந்து அங்கிருக்கும் ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவள். சரக்கோடு நிற்கும்போது எதிர்வீட்டு ஜன்னலின் கீழ்க்கம்பி மட்டும் மறையும். காலியாக நிற்கும்போது இரண்டாவது கம்பியும் சேர்ந்து மறையும். இது லோடுக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் எப்போதும் வண்டிக்குள்ளே இருக்கிறவர்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. வண்டியைத் துடைத்து, கண்ணாடியில் முகம் பார்த்து, தலையைச் சீவிக்கொண்டு, காலி லாரியை மெதுவாக உள்ளே விட்டார். டொக் என்றது. இறங்கிப் பார்த்தார். லாரி வாசல் கம்பியை விட ஒன்றரை அங்குலம் உயரமாக நின்றது. பட்டினி கிடந்து வளர்ந்திருந்தது.

முகத்தில் ஈயாடவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. அசடு வழிந்துவிட்டு வீட்டுக்குள் போகிற ஆளா அவர்? நேரே கிடங்குக்குப் போய் மறுநாள் சரக்கு நாற்பது பெட்டியை இன்றைக்கே ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டி தலைகுனிந்து சமத்தாக உள்ளே போனது. லோடுக்காரர் கீழே குதித்துத் தெருவைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அழகா இருக்குங்க" என்றாள் அவள். "உள்ளே வெச்சு மட்டும் சரக்கை இறக்கிடாதீங்க."

இறக்கினார். ஒவ்வொரு பெட்டியாக, வீம்போடு, தனி ஆளாக இறக்கினார். முப்பதாவது பெட்டியில் மேலே கிர்ர் என்று ஒரு சத்தம். நாற்பதாவது பெட்டியில் தகரக் கூரை லேசாக எழும்பியது, அதன் மேலிருந்த புறா பறந்து போனது. லாரி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கொட்டகையைத் தொப்பி மாதிரி போட்டுக்கொண்டு நின்றது. மறுபடி பெட்டியைத் தூக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

வெல்டரைக் கூப்பிட்டார்கள். அவர் கையைப் பிசைந்தார். "அண்ணே, நான் இரும்பு தூக்குற ஆளு. டைல்ஸ் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சுன்னா அதுக்கு யார் வெல்டிங் வைக்கிறது? டயர்ல காத்தை இறக்கிருவோமா?"

"என் வண்டியிலேருந்து ஒரு மூச்சுக் காத்து கூடப் போகக்கூடாது" என்றார் லோடுக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அப்படியென்றால் வண்டியில் கனம் ஏற வேண்டும், பெட்டி இல்லையென்றால் ஆட்கள் என்றார் வெல்டர். தையல்காரம்மா பதறிப்போய்க் கையை ஆட்டினாள்.

"என்ன ஆனாலும் சரிங்க, எங்கம்மா வீட்டு ஆளுங்களை மட்டும் கூப்பிட்டுடாதீங்க."

அடுத்த நிமிஷம் லோடுக்காரர் போனை எடுத்து மாமியாரை அழைத்தார். என் லாரியில் சரக்கு ஏறும், மாமியார் வீடு ஏறாது என்று எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். "அத்தை, வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று அவரே கேட்டார்.

ஒன்பது பேர் வந்தார்கள். மாமியார் கையில் ஒரு தலையணை. எல்லோரும் பின் பெட்டியில் ஏறி வசதியாகச் சாய்ந்துகொண்டார்கள். வண்டி மூச்சை விட்டு இறங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு லோடுக்காரர் பின்னாலேயே ஓட்டி வெளியே கொண்டுவந்தார்.

வெளியே வந்தும் ஒருத்தரும் இறங்கவில்லை. "ஏறினதே ஏறிட்டோம் மாப்பிள்ளை, குலுங்காம நல்லாத்தான் இருக்கு. மெதுவா ஒரு சுத்து காட்டிட்டு வாங்க" என்றார் மாமியார். ஒரு சுற்று மூன்று சுற்றானது.

திரும்பி வந்து பார்த்தால் கொட்டகையில் டியூப்லைட் நாலும் எரிகிறது. மேசை உயரத்து பிளக்கில் தையல் மெஷின். வடக்கு ஜன்னலுக்குக் கீழே அவள் நாற்காலி. நாற்பது டைல்ஸ் பெட்டியின் மேல் பலகை போட்டு அதன்மேல் சினிமாக் கொட்டகைக்காரரிடம் சரி சொல்லி வாங்கி வைத்திருந்த சிவப்புத் துணி, வழவழவென்ற தரை வரைக்கும் சுருக்கமில்லாமல் விரிந்து கிடக்கிறது. வெல்டர் ஷட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

லோடுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். பிளக்கைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஒவ்வொன்றாக அவருக்கு உறைத்தது.

"எல்லாத்தையும் வேணும்னே தப்பு தப்பா சொல்லியிருக்கே."

"நான் சொன்னது ஒண்ணு கூடத் தப்பில்லைங்க. எல்லாம் லாரிக்கு ஏத்த யோசனை. நீங்கதான் கேக்கலை." அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "வேணும் வேணும்னு மூணு வருஷம் கேட்டேன், கிடைக்கலை. வேண்டாம் வேண்டாம்னு மூணு வாரம் சொன்னேன், கிடைச்சிருச்சு."

அது அவருக்குக் குத்தியது. குத்தினாலும் ஒத்துக்கொள்கிற ரகமா? நாளைக்கே கூரையைப் பிரித்து இரண்டடி உயர்த்தி வண்டியை உள்ளே விடுகிறேனா இல்லையா பார் என்று கத்தினார்.

"நானும் அதைத்தான் சொல்றேன். கண்டிப்பாப் பிரிச்சிருங்க" என்றாள் அவள்.

லோடுக்காரர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். பிரித்தால் பெண்டாட்டி பேச்சைக் கேட்டதாக ஆகும். ஒன்பது பேர் வண்டியை விட்டு இறங்கிச் சாட்சியாக நிற்கிறார்கள்.

அப்போது அவள் நாற்காலிக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய துணிப் பொதியை எடுத்து வைத்தாள். லாரிக்கு உறை. தண்ணீர் நிற்காத கெட்டித் துணி, உள்பக்கம் பெயிண்டில் உரசாத மெத்து மெத்து பருத்தி, காற்றுப் போக ஓரத்தில் வலை, சார்ஜ் வாய்க்கு நேரே தனியாக ஒரு மடிப்பு. காலி வண்டியை அளந்து தைத்தது. அந்த நடையில், டிரம்மில் முழங்கால் இடிக்க, எப்போது தைத்தாளோ.

"இதை மட்டும் வண்டிக்குப் போட்டுடாதீங்க" என்றாள்.

லோடுக்காரர் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். போட்டால் அவள் நினைத்தது நடக்கும். போடாவிட்டால் அவள் சொன்னதைக் கேட்டதாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். முன் கண்ணாடியில் பொட்டென்று ஒரு மழைத்துளி விழுந்தது. அடுத்து இரண்டு.

"நான் எவ பேச்சையும் கேக்கிறவன் இல்லை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, பொதியைப் பிடுங்கிக்கொண்டு மழையில் ஓடினார். ஒரு கை இடுப்பில், ஒரு கையால் போர்த்தினார். உறை அச்சாகப் பொருந்தியது.

"இடது பக்கக் கொக்கியை மாட்ட வேண்டாங்க" என்று கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாட்டினார்.