சிவனேஸ்வரியின் காக்டெயிலில் நுரை வந்த விதம்

கிங்ஸ்பரி, லண்டன்
19 ஒக்டோபர் 1993, செவ்வாய்

'தேம்ஸ் தூது' வாரப் பத்திரிகையின் ஆசிரியர், பெருமதிப்புக்குரிய திரு. தில்லையம்பலம் அவர்களுக்குக் கிங்ஸ்பரி குகதாசன் இரண்டு கைகளையும் கூப்பி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் மனைவி சிவனேஸ்வரியும் சுகம். தாங்களும் தங்கள் பாரியாரும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆளுக்கு நான்கு கிளாஸ் குடித்தவர்களின் வயிறு இன்றைக்குக் கழுவித் துடைத்த மாதிரி இருக்க வேண்டும். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று தாங்கள் கேட்டுக்கொண்டபடி, அந்த இலையுதிர்கால நுரைக் காக்டெயிலின் செய்முறையை மனைவி எழுதி, எனக்குக்கூடக் காட்டாமல் உறையில் ஒட்டி, நேற்றுக் காலையே தபாலில் போட்டுவிட்டாள். உறையைப் பிரிக்கவில்லை என்றால் பிரிக்க வேண்டாம். பிரித்திருந்தால் வாசிக்க வேண்டாம். வாசித்திருந்தால், தயவுசெய்து வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் போடாமல் விடுங்கள். அதில் எழுதியிருப்பது வேறு, தாங்கள் குடித்தது வேறு.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். தங்களைப் 'பிரன்ச்'சுக்குக் கூப்பிட வேண்டும் என்பது அவளுடைய யோசனை. காலைச் சாப்பாட்டிலும் சேராமல் மத்தியானச் சாப்பாட்டிலும் சேராமல் பதினொரு மணிக்குச் சாப்பிடுகிற இந்த வழக்கம், எழும்பப் பஞ்சிப்பட்ட சோம்பேறிகள் கண்டுபிடித்தது என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் என்னை யார் கேட்டார்கள்? பக்கத்து வீட்டு மரத்திலிருந்து எங்கள் பக்கம் விழுந்த அப்பிளைப் பிழிந்து, கறுவா, கராம்பு, இஞ்சி, சர்க்கரை எல்லாம் போட்டுப் பாகு காய்ச்சி, நுரைக்கிற வெள்ளை வைன் இரண்டு போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் படுக்க வைத்து, பேரிக்காயைக் கடதாசி மாதிரிச் சீவி வைத்துவிட்டு, “பாகு ஆறட்டும். அவை வந்து இருந்தாப்பிறகு கிளாசில கொஞ்சம் பாகை விட்டு, மேல வைனை மெதுவா ஊத்துங்கோ. வேற ஒண்டும் செய்யாதேங்கோ” என்று சொல்லிச் சேலை உடுக்க மேலே போனாள். அவள் படியில் கால் வைக்கவும் தங்கள் கார் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. தாங்கள் பதினைந்து நிமிடம் முந்தி வந்துவிட்டீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் தமிழர் ஒருவர் முந்தி வருவார் என்று யார்தான் எதிர்பார்ப்பார்கள்?

பாகு கொதி ஆறவில்லை. எனக்குப் பதற்றம். பாகு முழுவதையும் ஒரு பெரிய செம்பில் ஊற்றி, இரண்டு போத்தலையும் திறந்து அதற்குள்ளேயே கவிழ்த்தேன். விரலை விட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருந்தது. சுடுகிற ஒன்றைக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவர எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இன்னொரு செம்பை எடுத்துத் தோள் உயரத்திலிருந்து ஆற்றத் தொடங்கினேன். நுரை என்றால் அப்படி ஒரு நுரை! இவ்வளவு பொங்கிய தேத்தண்ணீரை நான் வாழ்நாளில் ஆற்றியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருபது தடவைக்கு மேல் ஆற்றிவிட்டேன். பிறகு பார்த்தால் செம்புக்குள் நுரையும் இல்லை, குமிழும் இல்லை. குளத்துத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது.

முன்னறையில் தாங்கள், தங்கள் பாரியார், தங்களோடு வந்த செபமாலைமுத்து மாஸ்டர் மூவரும் இருந்து காக்டெயில் எங்கே என்று எட்டிப் பார்க்கிறீர்கள். வெறும் போத்தல் இரண்டும் என்னைப் பார்க்கின்றன. அப்போதுதான் அலுமாரித் தட்டில், வயிற்றுப் பொருமலுக்கு நான் கரைத்துக் குடிக்கிற வாயு உப்பு கண்ணில் பட்டது. தண்ணீரில் போட்டால் பொங்குகிறது, இதில் போட்டால் பொங்காதா? கிளாசுக்கு அரைத் தேக்கரண்டி வீதம் போட்டுத் தட்டைத் தூக்கினேன். நடையைத் தாண்டுமுன் ஐந்து கிளாசும் பொங்கி, தட்டிலும் கார்ப்பெட்டிலும் என் சப்பாத்திலும் வழிந்தது. தாங்கள் எழும்பி நின்று கைதட்டினீர்கள். அந்த நேரம் பார்த்துச் சிவனேஸ்வரியும் சேலை உடுத்து இறங்கி வந்து ஒரு கிளாசை எடுத்தாள்.

“அக்கா, இப்பிடி ஒரு நுரையை நான் பாரிசிலயும் காணேல்லை. அந்தச் சின்ன உப்புச் சுவைதான் இதின்ர விசேஷம்” என்று தாங்கள் அவளிடம் சொன்னபோது எனக்கு வேர்த்தது. மாஸ்டர் ஜன்னல் அதிர ஓர் ஏப்பம் விட்டு, “தம்பி குகதாசன், மூண்டு வருஷத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் நெஞ்சு லேசாக் கிடக்கு. இன்னொண்டு தாரும்” என்றார். தங்கள் பாரியாரும் விட்டார், ஆனால் மரியாதையாக, கைக்குட்டைக்குள் விட்டார். அந்த உற்சாகத்தில்தான் தாங்கள் வாராவாரம் ஒரு சமையல் பக்கம் என் மனைவி பெயரில் என்று வாக்குக் கொடுத்தீர்கள்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பக்கம் அவளுக்கு எவ்வளவு பெரிது என்று தங்களுக்குத் தெரியாது. ஆறு வருடமாக சாண்ட்விச் பக்டரியில் நிற்கிறாள். அங்கே சட்டையில் குத்துகிற அட்டையில் 'சிவா' என்று மட்டும்தான் இருக்கிறது, முழுப்பெயரை எழுத இடமில்லையாம். இப்போது பத்திரிகையில் முழுப்பெயரும் வரப்போகிறது. டொரொண்டோவுக்கும் பாரிசுக்கும் அனுப்பப் பதினைந்து பிரதிக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள்.

அவள் எழுதியபடி போட்டால், வாசகர்கள் செய்து பார்த்து, தாங்கள் புகழ்ந்த நுரையும் உப்பும் எங்கே என்று அவளைத்தான் கேட்பார்கள். உண்மையைப் போட்டால், அவளுடைய காக்டெயிலை நான் கெடுத்த கதை அவளுக்குத் தெரிந்துவிடும். ஆகையால் உறை தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லி, கத்தரிக்காய்க் குழம்பு எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் நான் ஆற்றுவதற்கு ஒன்றுமில்லை.

தங்கள் குடும்பமும் பத்திரிகையும் நோய் நொடியின்றி நெடுங்காலம் நிலைக்க அந்த நல்லூர்க் கந்தன் துணை நிற்பானாக.

தாழ்மையுள்ள,
குகதாசன்

பி.கு.: முத்திரை எங்கே என்று அவளிடம் கேட்டது என் பிழை. கடிதத்தை வாங்கி, கதிரையை இழுத்துப் போட்டு இருந்து முழுவதையும் வாசித்துவிட்டாள். தங்களிடம் உள்ள செய்முறையின் கடைசி வரியைப் பார்க்கட்டாம். கிளாசுக்கு அரைத் தேக்கரண்டி வாயு உப்பு என்று அவளே எழுதித்தான் அனுப்பியிருக்கிறாளாம். முதல் மிடறிலேயே பிடித்துவிட்டாளாம். “இருபத்திரண்டு வருஷமா உந்த உப்பை உங்களுக்குக் கரைச்சுத் தாறவள் நான். எனக்கு அந்த ருசி தெரியாதே?” என்கிறாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் வீண், செய்முறையைத் தாராளமாகப் போடுங்கள் என்று முடிக்கப் பார்த்தேன். அதற்கும் விடுகிறாள் இல்லை. “காக்டெயிலை அடுத்த கிழமை போடட்டும். இந்தக் கிழமை என்ர பக்கத்தில உங்கட கடிதத்தைப் போடச் சொல்லி எழுதுங்கோ” என்று, நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள்.