நித்திரை மாஸ்டர்

கனடாவில் எத்தனையோ சங்கீத வித்துவான்கள் இருக்கலாம். ஆனால் படுத்துக் குறட்டை விட்டபடியே பிள்ளைகளுக்குப் பாண்ட் வாத்தியம் பழக்கிய ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

எங்கள் மல்வேர்ன் பகுதியின் ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ்களில் சுவர் என்பது ஒரு பேச்சுக்குத்தான். இந்தப் பக்கம் கடுகு தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அப்படிப்பட்ட வீட்டில்தான் என் மகள் மயூரி ட்ரம்பெட் பழகத் தொடங்கினாள். அவளுக்குப் பள்ளிக்கூடமும் வீட்டிலேதான், ரீச்சர் நான். "ஏன், பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ?" என்று நோய் விசாரித்த சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துவிட்டேன். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று ஒரு பாண்ட் வெள்ளிக்கிழமைகளில் வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு மண்டபத்தில் கூடும். மற்ற நாட்களில் அவரவர் வீட்டில் பயிற்சி. நடுப்பகலில், ஊரே வேலைக்குப் போன நேரத்தில் ஊதினால் யாருக்குத் தொந்தரவு என்று நினைத்தேன்.

நாங்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். பக்கத்து வீட்டு அண்ணைக்குப் பேக்கரியில் நைட் ஷிஃப்ட் என்பதும், நடுப்பகல்தான் அவருக்கு நடுச்சாமம் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்?

மயூரி முதல் ஊது ஊதியதும் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் இடுப்பில் சாரம் கட்டிய ஒரு மனிதர், பக்கத்து வீட்டு அண்ணை. சாரத்துக்கு மேல் விண்டர் ஜாக்கெட். கக்கத்தில் பாஸ்போட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பை.

"பிள்ளை, ஃபயர் அலாம் அடிக்குது! நீங்கள் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"அலாம் இல்லை அண்ணை. மகள் ட்ரம்பெட் ஊதுறா."

அவர் மயூரியைப் பார்த்தார். ட்ரம்பெட்டைப் பார்த்தார். தன் சாரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். வாடகை வீடு. மனேஜ்மென்றுக்கு ஒரு போன் போட்டாரென்றால் ட்ரம்பெட் அன்றோடு சரி.

"ஊதட்டும்," என்றார் கடைசியில். "ஆனா ஒரு ஒழுங்கு வேணும்."

ஒழுங்கையும் அவரே போட்டார். திங்கட்கிழமை அவருக்குக் கோழி நித்திரை. ஆகவே வாய்த்துண்டைக் கழற்றி அதை மட்டும் மெதுவாக ஊத வேண்டும். செவ்வாய் நீண்ட ஒற்றைச் சுரங்கள். புதன் ஸ்கேல். வியாழன் வாரத்து அலுப்பெல்லாம் சேர்ந்து அடித்துப் போட்டதுபோல் கிடப்பார். புதுப் பாட்டும் பிழைகளும் அன்றைக்கு. சனி, ஞாயிறு அவருக்கு லீவு, விரும்பியதை ஊதலாம். பாண்ட் மாஸ்டர்கூடத் தன் அட்டவணையை இத்தனை கண்டிப்பாக நடத்தியதில்லை.

வியாழன்களில் பாண்டின் மற்றப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்குப் பழக வரத் தொடங்கினார்கள். பாண்ட் மாஸ்டர் அவர்களைத் தொடக்கம், நடு, மேல் என்று பிரித்திருந்தார். நாங்கள் நித்திரை மாஸ்டர் என்று பெயர் வைத்த அண்ணையிடமும் மூன்று வகுப்பு இருந்தது. அவரை எழுப்பிவிட்டால் தொடக்கம். புரண்டு படுக்க வைத்தால் நடு. ஒன்றுமே தெரியாமல் அவர் குறட்டை விட்டால் மேல். இரவு வேலைக்குப் போகும்போது எங்கள் வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

"ட்ரோம்போன் பெடியன் என்னைக் கட்டிலால விழுத்திப்போட்டான். அவனுக்கு இன்னும் ஒற்றைச் சுரம்தான் குடுக்கோணும். புல்லாங்குழல் பிள்ளை வந்தவவோ? நான் ஒண்டும் கேக்கேல்லை. அவவுக்குக் கஷ்டமான பாட்டாக் குடுங்கோ!"

அந்தப் புல்லாங்குழல் பிள்ளையின் தாய் யூனியன்வில்லில் இருந்து எனக்குப் போன் எடுத்து, சோதனை முடிவு கேட்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "அண்ணை எழும்பினவரோ?" என்று கேட்பார்.

மயூரி நெடுநாள் புரண்டு படுக்கும் வகுப்பில் கிடந்தாள். ஊதி முடித்துவிட்டுச் சுவரில் காதை வைப்பாள். குறட்டை கேட்டால்தான் சாப்பாடு இறங்கும்.

ஆனால் மேடையேறினால் அவள் வேறு பிள்ளை. மார்கழிக் கச்சேரியில் இரண்டு சுரம் ஊதிவிட்டு அப்படியே விறைத்து நின்றாள். காரில் வரும்போது, "அம்மா, நெக்ஸ்ட் டைமும் இப்பிடி எண்டா நான் குவிற் பண்ணுறன், ட்ரம்பெட்டே வேண்டாம்" என்றாள். அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குப் பெரிய பயம். வசந்தகாலக் கச்சேரியில் தனியாக ஊதும் பகுதி வேறு அவள் தலையில் விழுந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமைப் பகல். நித்திரை மாஸ்டர் கோட் சூட்டோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். ஷிஃப்ட் முடிந்து நித்திரை கொள்ளாமல் வந்திருக்கிறார், பாவம் என்று நினைத்தேன்.

மயூரி எழுந்தாள். எங்களைத் தேடிய அவள் கண் நித்திரை மாஸ்டரில் போய் நின்றது. மனிதர் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் விழித்திருந்தால் மயூரியின் அகராதியில் அது தோல்வி. இரண்டு சுரம் வந்தது. மூன்றாவது வரவில்லை.

அப்போது என் பக்கத்தில் "கொர்ர்ர்" என்றொரு சத்தம் கேட்டது.

முன்வரிசை முழுவதும் திரும்பியது. தலை நெஞ்சில் விழுந்து கிடக்க, நித்திரை மாஸ்டர் மண்டபம் அதிரக் குறட்டை விட்டார். மனைவி இடுப்பில் கிள்ளியும் அசையவில்லை. மேடையில் மயூரியின் தோள் மெல்ல இறங்கியது. ஒரு சிரிப்பு வந்தது. ட்ரம்பெட்டைத் தூக்கி முதலில் இருந்து கடைசிவரை, ஒரு சுரம் பிசகாமல் ஊதினாள். மார்கழியில் இருந்து அடக்கி வைத்த மூச்சை நான் அப்போதுதான் விட்டேன்.

ஜாக்கெட் எடுக்கும் இடத்தில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்தார்.

"குறை நினையாதையும் தங்கச்சி. இந்தக் கச்சேரிக்கெண்டே நேற்று வேலைக்கு லீவு போட்டவர். இரவு முழுக்க நல்ல நித்திரை. பிறகும் என்ன நித்திரையோ இந்த மனுசனுக்கு!"

நான் திரும்பிப் பார்த்தேன். மயூரி ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"அங்கிள்! நான் எந்த லெவல்?"

அவர் வாய் கிழியக் கொட்டாவி விட்டார். "என்ன பிள்ளை, முடிஞ்சுதோ? நான் ஒண்டும் கேக்கேல்லை."

மயூரி துள்ளியதைப் பார்க்க வேண்டுமே! அவள் தலைக்கு மேலால் அவர் என்னைப் பார்த்தார். கண் இரண்டும் நனைந்திருந்தன. அந்தக் கொட்டாவிக்கு அவ்வளவு கண்ணீர் வராது.

மயூரிக்கு இதை நான் சொல்லவில்லை. இப்போதும் மத்தியானத்தில் அந்தச் சுவருக்குப் பின்னால் குறட்டை கேட்டால்தான் எனக்கும் சாப்பாடு இறங்குகிறது.